பாய்மரக் கப்பலுக்குக் கரைதான் எமன்

கப்பல் உடைந்தது என்று கேட்டவுடன் நம் மனதில் வருவது நடுக்கடல், கறுத்த வானம், மலையளவு அலை. பாய்மரக் காலத்து மாலுமியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். ஆழ்கடலில் புயல் பிடித்தால் பாய்களைச் சுருட்டிக் கட்டலாம். கப்பலைக் காற்றின் போக்கில் விட்டுவிட்டு, உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓரிரு நாள் தாக்குப்பிடிக்கலாம். மோதுவதற்கு அங்கே எதுவும் இல்லை. புயலோடு சேர்ந்து கரையும் கண்ணில் பட்டால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும். எத்தனையோ வணிகக் கப்பல்கள் பெருங்கடலைத் தாண்டி வந்து, துறைமுகத்து வாசலில் உடைந்து கிடக்கின்றன.

அது ஏன் என்பதைக் கடல் பழக்கமே இல்லாதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். மலையகத்தில் கடலை ஒருமுறைகூடப் பார்க்காமல் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கடல் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர்கள் நினைத்துவிடுவது எனக்கு வருத்தமான விஷயம். நம் முன்னோர் தொண்டி, அம்மாப்பட்டினம், பாம்பன் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். ஆட்களை ஏற்றி வந்த ஆதிலட்சுமிக் கப்பல் மூழ்கிய கதையை மலையகத்தில் பலரும் கேட்டிருப்பார்கள். முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் இங்கிருந்து இறங்கிப் போனது கப்பலுக்குத்தான். அந்தக் கப்பல்களை உடைத்த காற்றையும் நமக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் பாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரிய சரக்குக் கப்பல்களில் மூன்று பாய்மரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் குறுக்கு மரங்கள், அவற்றிலிருந்து தொங்கும் அகலமான பாய்கள். காற்று பின்னாலிருந்து அடித்தால் இந்தக் கப்பலுக்குக் கொண்டாட்டம். பக்கவாட்டில் அடித்தாலும், குறுக்கு மரங்களைத் திருப்பிக் கட்டி ஓட்டிவிடலாம். காற்றுக்கு நேர் எதிரே மட்டும் போக முடியாது. எதிரே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், காற்றை ஒரு முறை இடப்பக்கம் வாங்கி, ஒரு முறை வலப்பக்கம் வாங்கி, வளைந்து வளைந்து ஏற வேண்டும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. இப்படிப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 பாகை வரைதான் நெருங்க முடியும். காற்றுக்குச் சரியாகக் குறுக்கே போவது 90 பாகை. ஆகவே அதன் கையில் இருப்பது மிஞ்சிப்போனால் 23 பாகை லாபம். அந்த லாபத்தையும் தின்பதற்கு ஒன்று இருக்கிறது: பக்கவாட்டுச் சறுக்கல். காற்று பாயை மட்டுமா தள்ளுகிறது? கப்பலின் உடலையும் பாய்மரங்களையும் கயிறுகளையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. மழையில் ஊறிய சரிவில் கூடையோடு குறுக்கே நடக்கும்போது, எட்டு வைப்பது முன்னால்தான், ஆனால் ஒவ்வோர் எட்டிலும் கால் கொஞ்சம் கீழே வழுக்கும். இருபது எட்டு நடந்து திரும்பிப் பார்த்தால் புறப்பட்ட வரிசைக்கு இரண்டு வரிசை கீழே நிற்போம். கப்பலும் அப்படித்தான். அணியம், அதாவது கப்பலின் முன்முனை, ஒரு பக்கம் பார்த்திருக்க, கப்பல் போவது அதற்குச் சற்றுக் கீழே.

அமைதியான கடலில் இந்தச் சறுக்கல் சில பாகைதான். புயலில் கதை வேறு. பெரும்பாலான பாய்களைச் சுருட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பாய் கிழியும், மரம் முறியும். பாய் குறைந்தால் முன்னோக்கிய வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுக்கானுக்குப் பிடிப்பு குறையும், சறுக்கல் கூடும். அலை வேறு ஒவ்வொரு முறையும் அணியத்தைத் தள்ளிவிடும். 23 பாகை லாபம் போய், கப்பல் நஷ்டத்தில் ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு திறமையான மாலுமி நின்றாலும் அது மெல்ல மெல்லக் காற்று போகும் பக்கமே நகரும்.

அந்தப் பக்கத்தில் கரை இருந்தால்? அதுதான் விஷயமே. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்க, கப்பல் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் நிலைக்குப் பாய்மர மாலுமிகள் பயந்தது போல வேறெதற்கும் பயந்ததில்லை. விலகி ஓட எவ்வளவு கடல் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 20 மைல் இருந்தால், விடிவதற்குள் காற்று திரும்பிவிடலாம். 2 மைல் இருந்தால் நங்கூரம்தான் கதி. அடியில் நல்ல சேறோ மணலோ இருந்து, கயிறும் தாங்கினால் பிழைக்கலாம். அடியில் பாறை இருந்தால் நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும், அல்லது சணல் கயிறு பாறை விளிம்பில் உராய்ந்து உராய்ந்து அறும். 19ஆம் நூற்றாண்டில் இரும்புச் சங்கிலி வந்த பிறகு அறுவது குறைந்தது, ஆனால் இழுபடுவது நிற்கவில்லை.

சரி, இப்போது நம் காற்றுக்கு வருவோம். மே மாதக் கடைசியில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை ஓயாது என்பது நமக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று. அது இந்து சமுத்திரத்தில் எந்தத் தடையும் இல்லாமல் ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து, முதலில் முட்டுவது காலியிலிருந்து கொழும்பு வரையான கரையில். பிறகு நம் மலையில் ஏறி மழையாகக் கொட்டுகிறது. மழையை இந்தப் பக்கமே இறக்கிவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலை, ஆகஸ்டில் பதுளை, பண்டாரவளைத் தேயிலைக்குத் தனி வாசம் வருவது அந்த வறட்சியால்தான். ஒரே காற்று: ஹட்டனில் மழை, ஊவாவில் வாசம், காலியில் கப்பலுக்கு ஆபத்து. ஆண்டு முடிவில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது எல்லாம் இடம் மாறும். பதுளைப் பக்கம் மழை, கீழைக் கரையோரத்துக் கப்பலுக்கு ஆபத்து. மலைக்கு எந்தப் பக்கம் மழையோ அந்தப் பக்கத்துக் கரையில் கப்பல் நிற்கக் கூடாது என்று சொன்னால் அது முழு விதி ஆகாது, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல வழி.

அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலின் கதை இதற்குக் கச்சிதமான உதாரணம். ஆங்கிலேயர் கட்டிய வணிகக் கப்பல் அது. ஒல்லாந்தர் பிடித்து, பெயர் மாற்றி, தங்கள் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஓட்டினார்கள். 1659 ஜூலை 2ஆம் திகதி காலித் துறைமுகத்தில் பாக்கு ஏற்றிக்கொண்டு நங்கூரத்தில் நின்றது. மாதத்தைக் கவனியுங்கள்: தென்மேற்குக் காற்றின் உச்சம். நங்கூரம் பிடி விட்டது. கப்பல் பின்னோக்கி நகர்ந்து, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தரைதட்டியது. துறைமுகத்துக்கு உள்ளே, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கப்பல் அழிந்தது. இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது, சில மீட்டர் ஆழத்தில்.

காலி அப்போது இலங்கையின் முக்கியத் துறைமுகம். ஆனால் அதன் வாய் தெற்கே திறந்திருக்கிறது, நுழையும் வழியில் பாறைகள். நீராவிக் கப்பல் வந்த பிறகும் அந்தப் பாறைகள் விடவில்லை. 1860இல் மலபார், 1871இல் ரங்கூன் என்று இரண்டு பெரிய பயணிகள் கப்பல்கள் காலியில் பாறை தட்டி மூழ்கின. கொழும்போ திறந்த கடற்கரை. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, கோப்பி மூட்டைகளைப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கடுகண்ணாவைக் கணவாய் வழியே மாட்டு வண்டியிலும், 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகு ரயிலிலும் இறங்கிய மூட்டைகள், பருவக்காற்று மாதங்களில் கரையில் வந்து காத்துக் கிடக்கும். கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள், தென்மேற்கு அணை 1885இல் முடிந்தது. காற்றுக்கும் கப்பலுக்கும் நடுவில் கல்லால் ஒரு சுவர், அவ்வளவுதான். காலியின் பெருமையைக் கொழும்பு எடுத்துக்கொண்டது அந்தச் சுவரால்தான்.

கரை ஆபத்து என்று தெரியும், காற்றும் எப்போது வரும் என்று தெரியும். அப்படியும் ஏன் போய் மாட்டினார்கள்? பெரும்பாலும், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல்தான். சூரியன் உச்சியில் எவ்வளவு உயரம் என்று அளந்தால் வடக்குத் தெற்கு எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்கு கண்டுபிடிக்க, கப்பலின் ஆட்டத்திலும் நேரம் தவறாத கடிகாரம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜோன் ஹரிசன் அப்படி ஒன்றைச் செய்து காட்டினார். அது சாதாரண வணிகக் கப்பல்வரை வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை, மணிக்கு எத்தனை மைல் ஓடினோம், எந்தத் திசையில் ஓடினோம் என்ற மனக்கணக்குத்தான். நாள் கணக்கில் மேகம் மூடியிருந்தால் சூரியனும் கிடையாது.

அப்போது கைகொடுத்தது ஈயக்குண்டு. நீளமான கயிற்றின் முனையில் கட்டிய ஈயத் துண்டு. கயிற்றில் இடைவெளி விட்டு, தோல் துண்டு, துணித் துண்டு என்று அடையாளம் தைத்திருப்பார்கள், இருட்டிலும் கையால் தடவி ஆழம் சொல்வதற்காக. குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி, அதில் மாட்டுக் கொழுப்பு அடைத்திருக்கும். குண்டு தரையைத் தொட்டு மேலே வரும்போது கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். பழகிய மாலுமி அதை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, எந்தக் கரைப் பக்கம் நெருங்குகிறோம் என்று சொல்வார். கொழுப்பில் எதுவும் ஒட்டாமல், பள்ளம் மட்டும் விழுந்து வந்தால் கீழே பாறை.

பகலில் தெளிந்த வானம் இருந்தால் இதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று இருந்தது, அது நம்முடையது. சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். கணக்குப்படி ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் நிற்பவர் கண்ணுக்கும் அதன் உச்சி எட்டும். 1344இல் இந்தப் பக்கம் வந்த இபின் பதூதா, வானத்தில் எழும் புகைத்தூண் போல அந்த மலையைக் கடலிலிருந்தே கண்டதாக எழுதியிருக்கிறார். கரை தெரிவதற்கு வெகு முன்பே மலை தெரியும், அதை வைத்துக் கப்பல் தலைவன் திசையைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் மலைக்கு யாத்திரை போகும் காலத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அதற்குப் பிறகு மேகமும் மழையும் காற்றும் உச்சியை மூடிவிடும். கப்பலுக்கு அந்த அடையாளம் உயிரைக் காக்க வேண்டிய மாதங்களில்தான் மலை மறைந்து நிற்கும்.

அடையாளமே இல்லாமல் கடலுக்குள் ஒளிந்திருக்கும் பாறைத் தொடர்கள் இன்னும் மோசம். தென்கிழக்கே கிரிந்தவுக்கு வெளியே மகா இராவணன் கோட்டை என்று சொல்லும் பார் அப்படிப்பட்டது. பல மைல் தொலைவில், அலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயுமாகக் கிடக்கிறது. அங்கே வெளிச்சவீடு 1873இல்தான் எரிந்தது. அதற்கு 170 வருடம் முன்பு, சூரத்தில் அடித்த ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களோடு வந்த ஒரு கப்பல் அந்தப் பாரில் மோதி அழிந்தது. 1961இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் சகாவான மைக் வில்சனும் அவரோடு போன இரண்டு சிறுவர்களும் அந்த வெள்ளியைக் கண்டார்கள். ஒரு பைக்கு ஆயிரம் அளவில் காசு கட்டி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. துணி எப்போதோ மக்கிப் போயிருந்தது. காசுகள் மட்டும் ஒன்றோடொன்று இறுகி, பையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றன.

இனி, தரைதட்டிய பிறகு என்ன நடக்கிறது? முதல் அடியிலேயே கப்பல் தூள் தூளாவதில்லை. ஏரா எனப்படும் அடிமரம் தரையில் உட்காரும். அடுத்த அலை கப்பலைத் தூக்கி மறுபடி போடும். நூற்றுக்கணக்கான தொன் எடையை நிமிடத்துக்குப் பல முறை தூக்கிப் போட்டால் எந்த மரம் தாங்கும்? முதலில் சுக்கான் பிய்யும். பாய்மரங்கள் ஆடும் ஆட்டத்தில் பலகைச் சந்துகள் விரியும். அதனால் மாலுமிகளே கோடாலி எடுத்துப் பாய்மரத்தை வெட்டித் தள்ளுவதும் உண்டு. தண்ணீர் உள்ளே வந்து சரக்கில் கை வைக்கும். அரிசி ஏற்றிய கப்பல் என்றால் அது தனி ஆபத்து. நனைந்த அரிசி ஊதிப் பெருத்து, உள்ளிருந்தே பலகைகளை நெம்பித் திறந்துவிடும். தோட்டத்து அரிசி முழுக்கக் கடல் வழியே வந்த காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

இங்கிலாந்துக் கரைகளில் தரைதட்டிய கப்பலுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அங்கே கடல் ஏறி இறங்கும் அளவு பல மீட்டர், பிரிஸ்டல் பக்கம் 10 மீட்டருக்கும் மேல். இறக்கத்தில் மாட்டினால் ஆறு மணி நேரம் கழித்து ஏற்றத்தில் மிதக்கலாம். இலங்கையைச் சுற்றி அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. இங்கே உட்கார்ந்த கப்பல் தானாக எழும்பாது. பாரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி, அதாவது சரக்கைக் கடலில் எறிவது.

யாருடைய சரக்கை? இது வணிகத்தில் மிகப் பழைய கேள்வி. அதற்குக் கண்ட பதில் எனக்கு எப்போதும் பிடித்தமானது. ரோமர் காலத்துக்கும் முந்திய வழக்கம், இன்றைய கப்பல் வணிகத்திலும் நடைமுறையில் இருக்கிறது. எல்லோரையும் காப்பாற்ற ஒருவருடைய பொருளை எறிந்தால், நட்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பலின் மதிப்பு 60,000 ரூபாய், ஒருவருடைய கோப்பி 30,000, இன்னொருவருடைய கறுவா 10,000. மொத்தம் ஒரு லட்சம். 10,000 ரூபாய்க் கோப்பியை எறிந்ததில் கப்பல் பிழைத்தது. நட்டம் மொத்தத்தில் பத்தில் ஒன்று. ஆகவே கப்பல்காரர் 6,000, கறுவாக்காரர் 1,000 கொடுக்க, கோப்பிக்காரருக்கு 7,000 திரும்ப வரும், அவர் பங்குக்கு 3,000 போகும். எறிந்தும் பயனில்லாமல் எல்லாமே மூழ்கிவிட்டால் பங்கு கேட்க முடியாது. எறியும்போது யார் மூட்டை என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லாத இடத்தில், இப்படி ஒரு நியாயம் இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் தன் மூட்டை மேல் படுத்துக்கொண்டிருப்பார்கள்.

1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. ஆபிரிக்காவைச் சுற்றிப் போகும் பாய்மரக் கப்பலுக்கு அதுவே முடிவின் தொடக்கம். கால்வாயிலும் செங்கடலிலும் பாயை நம்பிப் போவது கடினம். அதே 1869இல்தான் கோப்பி இலை நோயும் இங்கே தெரிய வந்தது. 1873இல் லூல்கந்துரைத் தோட்டத்திலிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. தேயிலை பெருகிய ஆண்டுகள் நீராவியின் ஆண்டுகள். ஆனாலும் பாய்மரம் உடனே மறையவில்லை. 1893இல் ஏர்ல் ஒஃப் ஷாஃப்ட்ஸ்பரி என்ற நான்கு பாய்மரக் கப்பல் ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் அக்குரலைக் கரையில் உடைந்தது. வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய அன்னபூரணி, பாய் விரித்தே ஓடி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

உடைந்த கப்பல் பிறகு என்ன ஆகிறது என்பது, அது எதில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. பாறையில் விழுந்தால் மரம் எதுவும் மிஞ்சாது. பீரங்கி, நங்கூரம், கப்பல் சாயாமலிருக்க அடியில் போடும் நிறைக் கற்கள், காசு இவைதான் மிஞ்சும். வெப்பக் கடலில், மட்டி இனத்தைச் சேர்ந்த, பார்வைக்குப் புழு மாதிரி இருக்கும் ஓர் உயிர் வெளியே தெரியும் மரத்தையெல்லாம் சல்லடையாக்கிவிடும். சேற்றிலும் மணலிலும் புதைந்த பகுதிக்கு அந்த உயிர் வராது, அதனால் மரமும் கயிறும்கூட நூற்றாண்டுகள் இருக்கும். அவொண்ட்ஸ்டரில் அதுதான் நடந்தது. 2001 முதல் இலங்கையின் கடல்சார் தொல்பொருள் பிரிவினர் ஒல்லாந்து, அவுஸ்திரேலிய நிபுணர்களோடு அங்கே மூழ்கி வேலை செய்தபோது, செங்கல் அடுப்போடு கப்பலின் சமையலிடமும் கயிற்றுச் சுருள்களும் கிடைத்தன. அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது, பீரங்கியைவிட அந்தச் செங்கல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தத் தொல்பொருள் பிரிவின் காலிக் கட்டடத்தையும் அடித்துப்போனது, மீட்ட பொருட்கள் பல அதோடு போயின. அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் கொடவாயவுக்கு வெளியே, 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வணிகக் கப்பலும் கிடக்கிறது. அதன் சரக்கில் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன.

ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு காலிக்குப் போகிறவர்கள் கொழும்பிலிருந்து ரயிலில் போங்கள், வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் நடுவில் அக்குரலை வரும். அலை கரையில் எந்தக் கோணத்தில் விழுகிறது, தென்னை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு காலிக் கோட்டை மதிலில் ஏறி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்று, அங்கே ஒரு பாய்மரக் கப்பல் நிற்பதாக வைத்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் தப்பிப் போகலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். கோட்டைக்குள்ளேயே கடல்சார் தொல்பொருள் நூதனசாலையும் இருக்கிறது, பழைய ஒல்லாந்தர் பண்டகசாலைக் கட்டடத்தில். அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.